புழுவெட்டு லாரி

என் சகலை என் லாரிக்கு நீலம் அடித்தான். அந்த ஆத்திரம் செருப்புக்குள் ஏறிய முள் மாதிரி பல வருஷம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

விற்ற பிறகு அது எப்படி உன் லாரி என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரியும் அதையேதான் கேட்டாள்.

"பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டா அவ நம்ம பொண்ணு இல்லையா?" என்றேன்.

"பொண்ணும் லாரியும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான். பொண்ணு எதிர்த்துப் பேசும், லாரி பேசாது."

அதோடு பேச்சு நின்றது. என் வயிற்றெரிச்சல் நிற்கவில்லை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். என்னைவிடச் சின்னவன். குவாரிப் பக்கம் அவனை எல்லாரும் அரை கியர் என்பார்கள். பேர் வைத்த புண்ணியவான் நான்தான். மேடானாலும் பள்ளமானாலும் அவனுக்கு ஒரே வேகம். பின்னால் எவன் ஆரன் அடித்தாலும் ஓரம் கட்டி, கையைக் காட்டி, போய்க்கோ ராசா என்று வழி விடுவான். "நாளைக்கு நாலு நடை அடிக்கலாமேடா" என்றால், "மூணு போதும் சகலை, கல்லு எங்க ஓடிடப் போகுது" என்பான். எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்ல மாட்டான், இல்லை என்றும் சொல்ல மாட்டான். "ம்" என்பான். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று அவன் பெண்டாட்டிக்கே பாதி நாள் விளங்காது.

சின்ன வயசிலிருந்து அடுத்தவன் வண்டியையே ஓட்டினவன் அவன். எனக்கு மட்டும் சொந்த லாரி. கிளிப்பச்சை. நிறத்தை நானே போய் நின்று கலக்க வைத்து அடித்தது. தூரத்தில் வரும்போதே அது என் வண்டி என்று தெரியும். பிறகு என் முதுகில் வட்டு நழுவியது. இனி ஸ்டியரிங்கைத் தொட்டால் ஒரு நாள் எழுந்திருக்கவே மாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. சகலையைக் கூப்பிட்டு, நீயே விலைக்கு எடுத்துக்கொள் என்றேன். எடுத்துக்கொண்டான்.

சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னேன். "பத்திரமா வச்சுக்க. முதுகு சரியானா வந்து கேப்பேன்."

துக்கத்தில் மனுஷன் எதையாவது சொல்வான் இல்லையா, அப்படிச் சொன்னதுதான். அவன் "ம்" என்றான்.

அன்றைக்கிலிருந்து அவனுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. செருப்பைக் கீழே கழற்றி விட்டுத்தான் கேபினில் ஏறுவான். ஏறினவன் செருப்பை மறந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவன் அங்கங்கே விட்டுப்போன செருப்பை எல்லாம் பொறுக்கினால் ஒரு கடையே வைக்கலாம். "உன் சொந்த வண்டிதானேடா, என்ன பயபக்தி?" என்று கேட்டேன். அதற்கும் "ம்".

எனக்குக் குவாரி வாசலில் எடை மேடையில் வேலை கிடைத்தது. லாரி மேடை மேல் ஏறும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். டிரைவர்களைக் கூப்பிட ஒரு மைக், வெளியே கம்பத்தில் ஒரு ஒலிபெருக்கி. என் வண்டி என் கண் முன்னாலேயே வரும், ஏறும், இறங்கும், போகும். ஓட்டுகிறவன் மட்டும் நான் இல்லை. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கதை. அவன் சாயங்காலம் எங்கள் தெரு வழியாகத்தான் போவான். எஞ்சின் சத்தம் கேட்டதும் சாப்பாட்டில் கையை வைத்தவன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். டயர் என்ன இப்படித் தேய்ந்திருக்கிறது, கண்ணாடி ஏன் சாய்ந்திருக்கிறது என்று வாசலில் நின்றே அவனைப் பிடித்துக் காய்ச்சுவேன். திரும்பி வந்தால் சோறு இறங்காது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் என் வீட்டுக்காரி சொன்னாள், தங்கை வீட்டில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று.

"எந்தப் பெயிண்டர்?"

"பெயிண்டர் எல்லாம் இல்லை. அவரே அடிக்கிறாராம்."

கட்டிலில் இருந்தவன் அப்படியே கிளம்பிப் போனேன். அவன் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு காலி இடம். தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடி, அதைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சுவர். நடுவில் என் வண்டி. அவன் ஸ்டூல் மேல் ஏறி நின்று, பழைய பனியனை வட்டம் வட்டமாகச் சுற்றி என்னவோ தேய்த்துக்கொண்டிருந்தான். கிட்டப் போனேன். மெழுகு பாலிஷ்.

வண்டி வேலை தெரிந்தவன் எவனும் சிரிப்பான். புது நிறம் பிடிக்க வேண்டுமானால் பழையதை உப்புத்தாள் போட்டுச் சொரசொரவென்று தேய்க்க வேண்டும். இவன் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கி, அதன் மேல் மெழுகு வேறு பூசுகிறான். எண்ணெய்ச் சட்டியில் தோசை ஒட்டாது என்பது போல, இதில் பெயிண்ட் ஒட்டவே ஒட்டாது.

"டேய், பெயிண்ட் அடிக்கப் போறியா, கண்காட்சிக்கு அனுப்பப் போறியா?"

"பெயிண்டுதான் சகலை."

"அப்புறம் எதுக்கு மெழுகு? முதல்ல தேய்க்கணும்டா, தேய்க்கணும்!"

"ம்."

"நீ அடிக்கிற பெயிண்ட் பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி உரிஞ்சு வரும், பாத்துக்க."

"வந்தா வரட்டும் சகலை. காபி குடிக்கிறீங்களா?"

குடித்தேன். தொட்டித் திட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க வேடிக்கை பார்த்தேன். உச்சி வெயிலில் அடித்தான், கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. காற்றில் தெறித்துச் சுவர் மேல் காய்ந்த பக்கத்து வீட்டு வெள்ளைப் போர்வையில் நீலப் புள்ளி விழுந்தது. அந்த அம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்ன அண்ணே, போர்வைக்கும் சேத்தே அடிக்கிறீங்களா? ஓரத்தை விட்டுட்டீங்களே!" என்றாள். ஒரு பல்லி கதவோரம் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்து, பெயிண்ட் கரைக்கிற தின்னரில் துடைத்து விட்டான். பாதியில் டப்பா தீர்ந்துபோய்க் கடைக்கு ஓடி இன்னொன்று வாங்கி வந்தான். அது வேறு நீலம். கேபின் ஒரு நீலம், பின்னால் கல் ஏற்றுகிற தொட்டி ஒரு நீலம். மாமியாரும் மருமகளும் மாதிரி ஒரே வீட்டில், ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொண்டு.

நான் சொன்னது பலித்தது. முதல் மழைக்கே திட்டுத் திட்டாக உதிர்ந்தது. எடை மேடைக்கு அந்தக் கோலத்தில் வந்தபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மைக்கை எடுத்தேன்.

"புழுவெட்டு! மேடை ஏறு!"

குவாரியே சிரித்தது. தலையில் வட்டம் வட்டமாக முடி கொட்டுகிற வியாதி இருக்கிறதே, அச்சு அசல் அதுதான். சகலையும் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். அப்புறம் அதுவே வண்டியின் பேராகிவிட்டது. மெழுகு போட்டுப் பெயிண்ட் அடித்த கதையைப் புதிதாக வருகிற ஒவ்வொரு டிரைவருக்கும் நானே சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. கடைசியில் பெயிண்டுக்கு மேலேயும் மெழுகு போட்டான் என்பது வரைக்கும் போனது. உதிர்ந்து பச்சை தெரிந்த இடத்தில் எல்லாம் அவன் உடனுக்குடன் பிரஷ்ஷால் நீல ஒட்டுப் போட்டுக்கொண்டே ஓட்டினான். ஒருநாளும், போதும் சகலை என்று சொல்லவில்லை.

போன வருஷம் அவனுக்குக் கால் வீங்கியது. மூச்சு வாங்கியது. இதயம் பலவீனம், படுத்தே இருக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வருமானம் அந்த லாரி ஒன்றுதான். அவன் மகள் இருக்கிறாள். பஸ் டிப்போவில் பட்டறை வேலை பார்த்தவள், கனரக வண்டி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாள். "அப்பா நடையை நான் ஓட்டுறேன்" என்றாள். குவாரிக்காரரும் சரி என்றார். வண்டிக்கு வருஷ சோதனை முடித்துக் கொண்டுவா, மாசக் கடைசி வரைக்கும் உன் இடத்தை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றார்.

சோதனைக்குப் போனால் புதிதாக வந்திருந்த ஆய்வாளர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "என்னம்மா இது, உலகப் படமா? இந்தக் கண்டத்தை எல்லாம் சுரண்டிட்டு, ஒழுங்காப் பெயிண்ட் அடிச்சுக் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பெயிண்டர் அடுத்த மாசம்தான் முடியும் என்றான். அப்புறம்தான் கொழுந்தியா எனக்குப் போன் பண்ணினாள்.

"மாமா, நாங்களே வீட்டுல அடிச்சுக்கறோம். நீங்க சும்மா வந்து நின்னு சொல்லுங்க, போதும்."

நான் ஜம்பமாகப் போனேன். இத்தனை வருஷம் அடுத்தவன் அடித்ததைப் பார்த்துச் சிரித்தவன் ஆயிற்றே. பிரஷ் பிடித்தது கிடையாது என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது.

சகலையின் கட்டில் ஜன்னலோரம். அங்கிருந்து காலி இடம் முழுக்கத் தெரியும். தலையணையை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணில் மட்டும் பழைய குசும்பு.

கை பழக்கலாம் என்று முதலில் முன் பம்பரில் கொஞ்சம் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, பூசினேன். அது கீழே கீழே வழிந்தது.

"சகலை, அதுக்குச் சளி பிடிச்சிருக்கு. மூக்கைத் தொடைச்சு விடுங்க" என்றான் ஜன்னலிலிருந்து.

"வாயை மூடிட்டுப் படுடா."

"படுத்துட்டுத்தானே இருக்கேன். மைக் இருந்தா நல்லா இருக்கும்."

அவன் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சுரண்டியை எடுத்துக்கொண்டு, முதுகு வளையாமல் ஸ்டூலில் உட்கார்ந்து, டிரைவர் பக்கக் கதவில் ஆரம்பித்தேன்.

ஒரு தள்ளுத் தள்ளினேன். நீலம் உள்ளங்கை அகலத்துக்கு எழும்பியது. நகத்தால் பிடித்து இழுத்தேன். தாள் மாதிரி, ஒரு முழம் நீளத்துக்கு அப்படியே கையோடு வந்தது. அடியில் என் பச்சை. வெயில் படாமல், கீறல் விழாமல், அன்றைக்கு அடித்த மாதிரியே மினுக்கென்று இருந்தது. இன்னொரு இழுப்பு. இன்னும் பச்சை.

"ஏய், இங்க வந்து பாரு! பச்சை அப்படியே இருக்கு! ஒரு கீறல் இல்லை!" என்று கத்தினேன்.

கொழுந்தியா சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இருக்கும் மாமா. இருக்கணும்னுதானே அவரு மெழுகைப் போட்டாரு."

"என்ன சொல்ற?"

"முதுகு சரியானா வந்து கேப்பேன்னு நீங்கதானே சொன்னீங்க. தேய்ச்சா பச்சை போயிடும், திரும்பக் குடுக்கும்போது எந்த முகத்தோட குடுக்கிறதுன்னு சொன்னாரு. மெழுகு போட்டா மேல அடிச்சது தனியா வந்துடும்னு யாரோ ஒரு பெயிண்டர்கிட்ட கேட்டுட்டு வந்தாரு."

"அப்ப எதுக்கு அடிக்கணும்? பச்சையாவே ஓட்டியிருக்கலாமே?"

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா வந்து அழுதுச்சு மாமா. வண்டிச் சத்தம் கேட்டா நீங்க சோத்தை விட்டுட்டு வாசல்ல போய் நிக்கிறீங்கன்னு. பச்சை கண்ணுல படாம இருந்தா ஆறிடுவீங்கன்னு நெனச்சாரு. எங்க வீட்டுல அடிச்சதே நீங்க பெயிண்டர் கடைப் பக்கம் பாத்து மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான். நீங்க என்னடான்னா இங்கயே வந்து உக்காந்துட்டீங்க."

என் கையில் நீலத் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மைக் என் வாய்க்கு நேரே வந்து நின்ற மாதிரி இருந்தது. பெயிண்ட் அடிக்கத் தெரியாத முட்டாள் என்று நான் குவாரி பூராவும் சொல்லிச் சிரித்தவன், எனக்காகத் தெரிந்தே தப்பாக அடித்திருக்கிறான். செருப்பு விஷயமும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்தவன் வீட்டுக்குள் போகிறவன் வாசலில் செருப்பை விடுவானே, அந்த மாதிரி அவன் என் வண்டிக்குள் ஏறி இறங்கியிருக்கிறான்.

உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"ஏண்டா சொல்லலை?"

"என்னத்தை?"

"நடிக்காத. உன் பொண்டாட்டி எல்லாம் சொல்லிட்டா."

"அவளுக்கு வாய் நீளம்" என்றான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "சொல்லியிருந்தா மைக்குல வேற பேரு வச்சுருப்பீங்க. புழுவெட்டே பரவாயில்லை."

சிரிக்கத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிச்சுக்கடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. "பச்சையையே விட்டுடலாமா? உரிச்சுட்டுப் பாலிஷ் போட்டா போதும். அதுவே சோதனையில பாஸ் ஆயிடும்."

அவன் என்னையே பார்த்தான். "ம்" என்றான்.

அவன் "ம்" எனக்குத் தோதாக விளங்கியது. இதை எழுதும்போதுதான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது. அடுத்து வந்த நாட்களில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னலுக்குள் ஒருவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறான். நான் வெளியே, முதுகு வலியைக்கூட மறந்து, வாயில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு என் பச்சையை உரித்தேன். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். பாலிஷ் வாங்கி வந்து, அவன் தேய்த்த மாதிரியே வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். எடை மேடைக்கு லீவு போட்டேன். இந்த லாரி பச்சையாகக் குவாரிக்குள் நுழையும்போது யார் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று மனசுக்குள் பட்டியல் போட்டேன். அந்தப் பட்டியலில் ஓட்டப்போகிற பெண் இல்லை.

நடுவில் ஒரு நாள் அவள் கடையிலிருந்து வந்தாள். கையில் பெரிய பெயிண்ட் டப்பா. செங்கல் நிறம். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பெரியப்பா, பச்சையே இருக்கப் போகுதா?"

"பின்ன? எப்படி மின்னுது பாரு! உங்கப்பனும் சரின்னுட்டான்."

"அப்பாவா சொன்னாரு?"

"ம்னு சொன்னான்."

டப்பாவைத் தொட்டி ஓரமாக வைத்து, மேலே ஒரு சாக்கை மூடிவிட்டு உள்ளே போனாள். அப்பன் வீட்டுப் பிள்ளை. அந்த மௌனத்தைப் படிக்க எனக்கு இவ்வளவு வருஷம் போதவில்லை.

மறுநாள் காலையில் அவனுக்கு மூச்சு ரொம்பத் திணறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாடகைக் கார் வந்தது. அவனை நாற்காலியில் உட்கார வைத்து நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். வாசலுக்குப் போக வண்டியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தக் கார் அவனைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. லாரி சோதனை முடிந்ததும், கெடு தீர்கிறதுக்குள் அவன் மகள் குவாரியில் முதல் நடை அடித்ததும், மேடை மேல் அவள் ஏறியபோது நான் மைக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததும் எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. அவன் எதையும் பார்க்கவில்லை. அவன் பார்த்தது அந்தக் காலை வெயிலில் நின்ற பச்சை லாரியைத்தான்.

"இறக்குங்க" என்றான். இறக்கினோம். கதவைத் தடவிப் பார்த்தான்.

"நல்லா இருக்கு சகலை."

"இருக்காதா பின்ன?" என்று பல்லை இளித்தேன்.

"அதான் பயமா இருக்கு."

கார் டிரைவர் ஆரன் அடித்தான். இவன் கையைக் காட்டினான், பொறுப்பா என்கிற மாதிரி. வழி விடாமல் அவன் ஒருத்தரை நிறுத்தி வைத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நான் இத்தனை வருஷம் உங்க வண்டியைத்தான் ஓட்டினேன். ஒரு நாள்கூட என் வண்டின்னு தோணலை. அது பழகிப்போச்சு, விடுங்க" என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினான். "அவ அப்படி ஓட்டக் கூடாது. செருப்புக் காலோட ஏறணும். அவ வாங்கிட்டு வந்த நிறத்தை அடிங்க."

"சரிடா, அடிக்கிறேன். நீ முதல்ல காருல ஏறு."

"பச்சைக்கு மேலயே அடிச்சுடாதீங்க." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "உப்புத்தாளை எடுத்து நல்லாத் தேய்ங்க சகலை. பச்சை ஒரு பொட்டு மிஞ்சக் கூடாது. தகரம் தெரியிற வரைக்கும் தேய்ங்க."